நத்தைக்குக் காப்பி

மழைக்காலத்தில் இரண்டு விஷயங்கள் விதைக்காமலே முளைக்கின்றன. ஒன்று காளான், இன்னொன்று யோசனை. செடியில் பூச்சி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். சாம்பல், புளித்த மோர், பூண்டுச் சாறு, மஞ்சள் தண்ணீர் என்று நாலு பேர் நாலு மருந்து சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த மருந்துகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. அவை வீட்டிலேயே கிடைக்கும், காசு செலவில்லை, உடம்பு வளைய வேண்டியதில்லை, முக்கியமாக, மனசுக்குச் சங்கடம் இல்லை. நத்தைக்குக் காப்பிச் சக்கை என்ற யோசனையும் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதில் பாதிக்குமேல் உண்மையும் கலந்திருக்கிறபடியால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஒரு காலத்தில் வயலாக இருந்த மனையில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லையில் கிணற்றடியை ஒட்டி இரண்டு கீரைப்பாத்தி, ஒரு வாழை, இரண்டு பப்பாளி, வேலியோரம் கனகாம்பரம். அவ்வளவும் என் அத்தையின் ராஜ்யம். அப்பாவின் தமக்கை, எழுபத்தாறு வயது. கணவர் காலமான பிறகு கும்பகோணத்துப் பக்கம் இருந்த ஓட்டு வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவள். வந்த மறுநாளே ஒரு மண்வெட்டி கேட்டாள். “சும்மா உட்கார்ந்து சாப்பிட்டா சோறு இறங்காதுடா” என்றாள். அன்றுமுதல் எங்களுக்குக் கீரை வாங்குகிற செலவே கிடையாது. தெருவில் நாலு வீட்டுக்கும் போகும். யாராவது காசு நீட்டினால் அத்தைக்குக் கோபம் வந்துவிடும். இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த இரண்டு பாத்திதான் இருக்கிறது என்பதை நானும் என் மனைவியும் பேசிக்கொள்ளாமலே அறிவோம்.

புரட்டாசியில் விதைத்த முளைக்கீரை விரற்கடை உயரம் வந்திருந்தபோது ஐப்பசி மழை பிடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பார்த்தால் பாத்தி வழித்துவிட்டாற்போல் இருந்தது. பப்பாளிக் கன்றில் தண்டு மட்டும் நின்றது. மண்மேல் ஈயம் பூசின மாதிரி பளபளவென்று கோடுகள். வாழையடியில் பழுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட கூம்பு ஓடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம், ஒன்றும் அறியாத சாதுக்களைப்போல் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தை பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எனக்கும் முடியலே. இனிமே கீரையைக் கடையிலேயே வாங்கிக்குங்க” என்றாள்.

இது நம் ஊர் நத்தை அல்ல. சின்ன வயசில் நாங்கள் வாய்க்காலில் பார்த்த நத்தை தன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும். இதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847-ல் பென்சன் என்பவர், நத்தை சாஸ்திரத்தில் பெரிய நிபுணர், மொரீஷியஸிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கித் தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து கிளம்பிய குடும்பம்தான் இன்று தேசம் முழுவதும் பரவியிருக்கிறது. 1900-ஐ ஒட்டி இலங்கைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு நத்தையும் ஆணுமாகிப் பெண்ணுமாகி நிற்பது. ஒரு தடவையில் நூற்றுக்குமேல் முட்டையிடும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். அமெரிக்காவில் ப்ளோரிடாவில் நடந்த கதை ஒன்று உண்டு. 1966-ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை விளையாட்டாகக் கொண்டுபோனான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டாள். ஏழு வருஷத்தில் பதினெட்டாயிரத்துக்குமேல் ஆகிவிட்டன. ஒழிக்கப் பத்து லட்சம் டாலருக்குமேல் செலவாயிற்று. பாட்டிகள் எங்கும் இளகிய மனசுக்காரர்கள்தான்.

எங்கள் வீட்டுப் பாட்டியும் அப்படித்தான். என் மனைவி கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்து ஒரு நத்தையின்மேல் தூவினாள். அது நுரை கக்கிக்கொண்டு சுருண்டது. சாவதற்கு நேரம் ஆயிற்று. “நிறுத்து, நிறுத்து! அதுவும் வயித்துக்குத்தானே வந்தது?” என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உப்பினால் மண்ணும் கெடும். ஆகவே அந்த வைத்தியம் அதோடு நின்றது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ரிடையர்டு தலைமையாசிரியர் வேலிக்கு அப்பாலிருந்து தலையை நீட்டினார்.

“அம்மா, காப்பிச் சக்கையைக் கொட்டிவிடாதீங்க. பாத்தியைச் சுத்திக் கரை மாதிரி போட்டுடுங்க. நத்தை தாண்டாது. எங்கேயோ படிச்சேன்.”

“செத்துப்போகுமா சார்?” என்றாள் அத்தை.

“சாகாது. வாசனை பிடிக்காம திரும்பிப் போயிடும்.”

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. கொல்லாத மருந்து, கூடவே செலவில்லாத மருந்து. அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் பில்டரின் மேல் பாத்திரத்துக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

பாத்திகள் இரண்டு இருந்தது சௌகரியமாகப் போயிற்று. இரண்டிலும் மறுபடி விதைத்தோம். முளை கண்டதும் ஒன்றைச் சுற்றிச் சக்கையைக் கரைகட்டினோம்; மற்றதைச் சும்மா விட்டோம். இரவு ஒன்பதரைக்கு டார்ச் விளக்கோடு போய்ப் பார்ப்பேன். முதல் இரண்டு நாள் மழை இல்லை. சக்கை உலர்ந்து பொருபொருவென்று இருந்தது. ஒரு நத்தை கரைவரையில் வந்தது, கொம்பை நீட்டிற்று, இழுத்துக்கொண்டது, விளிம்போடு கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிட்டது. தலைமையாசிரியர் வேலிக்கு அப்பாலிருந்தே கை தட்டினார். மூன்றாம் நாள் ஒரு மழை அடித்தது. சக்கை மண்ணோடு மண்ணாயிற்று. நத்தைகள் அதன்மேல் ரத்தினக் கம்பளத்தில் நடக்கிறாற்போல் நடந்து உள்ளே போயின. நாலாம் நாள் காலையில் இரண்டு பாத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“இன்னும் கனமாகப் போட வேண்டும்” என்றார் அவர். எனக்கு விஷயத்தின் வேரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. புத்தகம், பத்திரிகை என்று கொஞ்சம் தேடினேன். கிடைத்தது ஒரு தவளைக் கதை.

போர்ட்டோ ரிகோ தீவில் கோக்கி என்று ஒரு சின்ன மரத்தவளை உண்டு. உருவம் கட்டைவிரல் அளவு. குரலோ ஊரைக் கூட்டுகிற குரல். 1980-களின் கடைசியில் அது செடித் தொட்டிகளோடு ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரி யாரும் தூங்க முடியவில்லை. அதை ஒழிக்க வழி தேடியவர்கள் காஃபீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள். காஃபீன் என்பது காப்பியை நாம் தேடிப் போவதற்குக் காரணமான சத்து. தெளித்த இடத்தில் தவளைகளோடு ஓடில்லாத நத்தைகளும் செத்துக் கிடந்தன. அமெரிக்க விவசாயத் துறையின் ஹிலோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹாலிங்ஸ்வொர்த்தும் அவருடைய சகாக்களும் இதைப் பிடித்துக்கொண்டு சோதனைகள் செய்து, 2002 ஜூனில் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு காஃபீன் கலந்த தண்ணீர் நத்தைகளைக் கொல்லும். நூற்றில் ஒரு பங்கையும் நூறாக்கி அதில் ஒன்றைக் கலந்தாலும் இலையை அவை தின்பது குறையும். காப்பிச் சக்கை யோசனைக்கு விஞ்ஞான மரியாதை கொடுத்தது இந்தக் கட்டுரைதான்.

ஆனால் அவர்கள் தெளித்தது காஃபீன். நாம் போடுவது சக்கை. நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு சதவிகிதம் என்றால் 20 கிராம் காஃபீன் வேண்டும். அராபிகாக் கொட்டையில் நூறு கிராமுக்கு ஒரு கிராமும் சொச்சமும்தான் அது இருக்கிறது. ரோபஸ்டாவில் சுமார் இரண்டு கிராம். ஆகவே சொட்டு விடாமல் பிழிந்து எடுத்தாலும், ஒரு லிட்டர் மருந்துக்கு ரோபஸ்டாத் தூள் ஒரு கிலோ, அராபிகா என்றால் ஒன்றரைக் கிலோவுக்குமேல் வேண்டும். போதாக்குறைக்கு நம் வீட்டுத் தூளில் சிக்கரி வேறு. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையவே கிடையாது. இந்தக் கணக்கை நான் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி காப்பித் தூள் டப்பாவை எடுத்து உள் அலமாரியில் வைத்துவிட்டாள்.

சக்கையின் கணக்கு இன்னும் மோசம். காஃபீன் வெந்நீரில் நன்றாகக் கரைகிற வஸ்து. நம் பில்டரோ அவசரமே இல்லாமல் சொட்டுச் சொட்டாக இறக்குகிற யந்திரம். அதிலிருந்து வரும் முதல் டிகாக்ஷனில் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. மிச்சத்துக்கு இரண்டாம் டிகாக்ஷன் என்று நாம் ஒரு தடவை வெந்நீர் விடுகிறோம். அதற்கும் பிறகு தங்குவதைத்தான் நத்தைக்கு விருந்து வைக்கிறோம். சாரத்தை நாம் குடித்துவிட்டுச் சக்கையை மருந்து என்று எதிரியிடம் நீட்டினால் அவன் எப்படிப் பயப்படுவான்? உலர்ந்து சொரசொரவென்று இருக்கிற வரையில் அதன்மேல் ஊர்வது நத்தைக்குக் கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். நனைந்தால் அதுவும் இல்லை. நத்தை வெளியே வருவதோ நனைகிற நாட்களில்தான். போதாததற்கு, மக்காத சக்கையை நாற்றடியில் கனமாகக் குவித்தால் நாற்றே குன்றிப்போகும். எருக்குழியில் போட்டு மக்கவைத்தால் அருமையான உரம்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது வேறொரு விஷயம் என் மனசைப் பிடித்துக்கொண்டது. காப்பிச் செடி ஏன் காஃபீனை உண்டாக்குகிறது? நமக்காக அல்ல என்பது நிச்சயம். 1984-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் நாதன்சன் என்பவர் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் ஒரு பதில் எழுதினார். புகையிலைச் செடியைத் தின்கிற புழுக்களுக்குத் தேயிலைத் தூளும் காப்பிக்கொட்டைத் தூளும் கலந்த தீனியைப் போட்டுப் பார்த்தார். அவை சரியாகத் தின்னவில்லை; அளவு கூடினபோது செத்துப்போயின. காஃபீன் என்பது செடி தன் இலைக்கும் விதைக்கும் காவலாகத் தானே காய்ச்சிக்கொண்ட விஷம் என்றார் அவர். ஓடவும் முடியாமல் கத்தவும் முடியாமல் ஒரே இடத்தில் நிற்கிற ஜீவன் வேறு என்ன செய்யும்? எத்தியோப்பிய மலைக்காட்டில் இலை கடிக்கிறவர்களை விரட்டுவதற்காக அது வைத்த விஷத்தை, ஒரே ஒரு பிராணி மட்டும் ருசி கண்டு, வறுத்து, இடித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்து, விடியற்காலையில் எழுந்ததும் எங்கே எங்கே என்று தேடுகிறது. அந்தப் பிராணியே செடியைத் தலையில் சுமந்து உலகமெல்லாம் நட்டுவைத்தது. காப்பியும் ஆப்பிரிக்கா, இந்த நத்தையும் ஆப்பிரிக்கா. இரண்டையும் கடல் தாண்டிக் கொண்டுவந்தவன் மனிதன். இப்போது ஒன்றை வைத்து மற்றொன்றை விரட்டமுடியுமா என்று தாம்பரத்துக் கொல்லையில் நின்று யோசிக்கிறான்.

அன்றிரவு அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலைமையாசிரியரும் திண்ணையில் இருந்தார். அவர் விடுகிறவர் அல்ல. “அப்படீன்னா காஃபீனையே வாங்கிக் கரைச்சுத் தெளிச்சா என்ன? காப்பியில இருக்கிறதுதானே? இயற்கைதானே?” என்றார்.

“அதை முதலில் தவளைக்குத்தான் அடிச்சிருக்காங்க” என்றேன் நான்.

அத்தை நிமிர்ந்தாள். கிணற்றடித் தொட்டிக்குக் கீழே ஒரு கிழட்டுத் தவளை பல வருஷமாகக் குடியிருக்கிறது. மழை நாளில் பாத்தியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். அத்தை அதோடு பேசுவதைக்கூட நான் கேட்டிருக்கிறேன். தவளையின் தோல் தண்ணீரை அப்படியே உறிஞ்சுகிற தோல். அந்த வழியாகத்தான் காஃபீன் உள்ளே போகிறது. நத்தையைக் கொல்லுகிற அளவுக்குத் தெளித்தால் தவளையும் போகும். கனமான கரைசல் பட்டால் சில செடிகளின் இலையே கருகும். கொல்லாத அளவுக்குத் தெளித்தால் அடுத்த மழையில் கரைந்துபோகும். இதுதான் நிலைமை.

“ஆக, அதுவும் விஷந்தானே?” என்றாள் அத்தை.

“விஷந்தான்.”

“அப்போ காப்பி மேலே பழியைப் போடாதே. செய்யறதை நம்ம கையாலே செய்வோம். கை அறிஞ்சு செஞ்சா எத்தனைன்னாவது தெரியும்.”

அத்தை இப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான் அவள். ஆனால் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின நாள் என் பெண் ஒரு நத்தையைக் கையில் எடுத்து வைத்து அதன் கொம்பைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எலியின் நுரையீரலில் வாழ்கிற ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் இந்த நத்தையின் உடம்பில் இருக்கலாம். கழுவாத கீரையோடோ கழுவாத கையோடோ அவை வாய்க்குள் போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கிக் காய்ச்சல் கண்டு, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதை நான் சொன்னபோது அத்தை குழந்தையைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், சிகப்பாகிற வரையில் சோப்புப் போட்டு அதன் கையைத் தேய்த்துவிட்டாள். தன் கீரையைத் தின்றதைப் பொறுத்துக்கொண்டவளுக்கு இது பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து வேலை ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் நாலைந்து இடத்தில் கோணிச்சாக்கை நனைத்துப் போட்டு, அதன் கீழே முட்டைகோஸ் இலையும் பப்பாளித் தோலும் வைப்போம். இருட்டினதும் நத்தைகள் வந்து கூடிவிடும். ஒன்பதரை மணிக்கு அடுப்பில் ஒரு பக்கம் அவற்றுக்கு வெந்நீர் கொதிக்கும்; இன்னொரு பக்கம் எங்களுக்குப் பால் காயும். ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி சாப்பிட்டுவிட்டு, கையில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, நானும் தலைமையாசிரியரும் பொறுக்குவோம். அத்தை டார்ச் பிடிப்பாள். பொறுக்கியதை வாளியில் போட்டுக் கொதிக்கிற நீரை ஒரே வீச்சாக விட்டுவிடுவது. துடிக்க விடக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. பிறகு ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிடுவோம். பகலில் வாழையடி மண்ணைக் கிளறி, மிளகைப்போல் திரண்டு மஞ்சள் வெளுப்பாகக் கிடக்கிற முட்டைகளையும் எடுத்து அதே குழியில் சேர்ப்பது. காப்பியை நத்தைக்குப் போடுவதைவிட நத்தை பொறுக்குகிறவனுக்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பது மூன்று வாரத்தில் நிரூபணமாகிவிட்டது. முதலில் வாளி நிறைந்தது. பிறகு பாதி ஆயிற்று. கார்த்திகை தீபத்துக்குள் நாலும் ஐந்துமாகக் குறைந்தது. அடியோடு ஒழியவில்லை. ஒழியப்போவதும் இல்லை. அடுத்த மழைக்கு வேலிக்கு அப்பாலிருந்து மறுபடி வரும். நாங்களும் டார்ச்சை எடுக்க வேண்டியதுதான்.

செலவில்லாத, சிரமமில்லாத, பாவமில்லாத வைத்தியம் ஒன்று இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். காப்பிச் சக்கையைப் பற்றி நம்மவர்களுக்கு உள்ள ஆசையெல்லாம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கைப்பிடிக் கீரை முளைக்க வேண்டும் என்றால், அதைத் தின்ன வருகிற ஒன்றைத் தடுத்தாக வேண்டும். தடுக்கிற வேலையை ஒரு பொடியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் தூங்கப் போகலாம் என்றால் முடிகிற காரியமாக இல்லை. பலமில்லாத பொடி காக்கவில்லை. பலமுள்ளது தவளையையும் சேர்த்துக் கொல்கிறது.

பொறுக்குகிறபோது அத்தை ஒவ்வொன்றாக எண்ணுவாள். ஊரில் களத்தில் நெல் அளந்து பழகினவள்; வீட்டில் அரிசி அளந்தாலும் ‘லாபம், ரெண்டு, மூணு’ என்றுதான் வரும். என் பெண் அதைக் கேட்டே எண்ணக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அவள் ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தைப் பாட்டி, நீ ஒண்ணுன்னு ஆரம்பிக்கிறே! லாபம்னு சொல்லலியே?”

“அது நெல்லுக்குடீ” என்றாள் அத்தை, வாளியைப் பார்த்தபடியே. “இது உயிர். ஒண்ணுன்னுதான் சொல்லணும்.”